அட்டைத் தேர் நகரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடியுங்கள்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றால், அட்டையில் செய்த தேர் ஒன்றாவது மேசைக்கு வந்துவிடும். குன்றக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் தேரோட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் காற்றாலையைவிடத் தேர்தான் கைக்குப் பழக்கமாக வருகிறது. இரண்டு பேட்டரி, ஒரு பொம்மை மோட்டார், ஒரு சுவிட்ச், நான்கு சக்கரம், ஒரு ரப்பர் பேண்டு. சரக்கு இவ்வளவுதான். ஆனால் வண்ணத்தாள் ஒட்டி, தொம்பை தொங்கவிட்டு, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால், தேர் நிலையைவிட்டு அசையாது. உடனே ஒருவர் கடைக்கு ஓடிப் புதுப் பேட்டரி வாங்கி வருவார். அதற்கும் அசையாவிட்டால் மோட்டாரையும் மாற்றுவார்கள். பெரும்பாலும் அந்த இரண்டிலும் குற்றம் இருப்பதில்லை. கம்பியை முறுக்கிய இடத்தில் அல்லது அச்சு இறுகிய துளையில்தான் கோளாறு ஒளிந்திருக்கிறது.

இங்கே நான் மனத்தில் வைத்துப் பேசும் தேரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். உடல், மளிகைக் கடையில் கிடைக்கும் நெளி அட்டைப்பெட்டி. அச்சு, மூங்கில் குச்சி அல்லது சைக்கிள் போக்ஸ் கம்பி. அச்சு சுழல்வதற்குக் குளிர்பானக் குழாய்த் துண்டு. சக்கரம், அட்டை வட்டங்களை அடுக்கி ஒட்டியது. குறுக்களவு 6 செ.மீ. மின்சாரத்துக்குச் சுவர்க்கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி இரண்டு, ஆக 3 வோல்ட். மோட்டார், பொம்மைக் கார்களில் இருக்கும் சிறியது. அதன் தண்டு 2 மி.மீ. தண்டிலிருந்து பின் அச்சில் உள்ள அட்டைக் கப்பிக்கு ஒரு ரப்பர் பேண்டு. உங்கள் மாதிரி ராட்டினமாகவோ செக்காகவோ இருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால் பங்கு பொருந்தும்.

முதலில் தூக்கிப் பாருங்கள்

எதையும் பிரிக்காதீர்கள். தேரைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்துச் சுவிட்சைப் போடுங்கள்.

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. மெல்லிய முனகல் மட்டும் கேட்டால் மின்சாரம் போகிறது, ஆனால் ஏதோ ஒன்று மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேட்டரிக்கு வலு போதவில்லை. காற்றில் சக்கரம் நன்றாகச் சுற்றித் தரையில் வைத்ததும் நின்றுவிட்டால், கம்பிகளைத் தொடவே வேண்டாம். கோளாறு சக்கரத்திலோ ரப்பர் பேண்டிலோ எடையிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேலையைத் தொடங்குகிறவர்கள்தான், ஒழுங்காக ஒட்டியிருந்த கம்பிகளை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டுத் தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதையாக நிற்கிறார்கள்.

தூக்கிப் பிடித்தும் தெளிவாகவில்லையென்றால் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இப்போது மோட்டார் மட்டும் தனியே சுற்றினால், மின்சுற்று முழுவதும் சரி என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம்.

சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை

பேட்டரிப் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு பேட்டரியும் ஒரே திசையைப் பார்த்திருந்தால் அது அந்தப் பெட்டியின் வடிவத்தைப் பொறுத்துத் தவறாக இருக்கலாம். பக்கம் பக்கமாகப் போடும் பெட்டியில் ஒன்றின் தலை மேலேயும் மற்றொன்றின் தலை கீழேயும் இருக்க வேண்டும். சுருள் கம்பி இருக்கும் பக்கம் பேட்டரியின் தட்டையான அடிப்பாகம், அதாவது எதிர்முனை, உட்கார வேண்டும். ஒரே ஒரு பேட்டரி திரும்பியிருந்தாலும் ஒன்றை ஒன்று எதிர்த்து, மோட்டாருக்குப் போவது ஏறத்தாழச் சுழி.

அடுத்து சுருள் கம்பியைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? போன ஆண்டு செய்த மாதிரியில் பேட்டரியை எடுக்காமல் விட்டிருந்தால் இது நிச்சயம். காரைக்குடியில் 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பேட்டரியையும் உலோக அரிப்பையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மதில் சுவரைத் தாண்டித்தான் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஆனால் அதே அரிப்பு தங்கள் பேட்டரிப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்பதில்லை. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது காரத்தன்மையுள்ள பொடி. வினிகரில் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். சாதாரண மலிவு விலைப் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மையுடையது. அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். எதுவானாலும் விரலால் தொட வேண்டாம். துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்துவிடுங்கள்.

பெட்டி சரியென்றால் சுவிட்சை நடுவிலிருந்து விலக்கிவிடுங்கள். பேட்டரிப் பெட்டியின் இரண்டு கம்பிகளையும் நேராக மோட்டாரின் இரண்டு காதுகளிலும், அதாவது கம்பி மாட்டும் சிறு தகடுகளிலும், வைத்து அழுத்துங்கள். சுற்றினால் மோட்டார் குற்றவாளி அல்ல. சுவிட்சும் இணைப்புகளும்தான் சந்தேகத்துக்குரியவை. சுற்றாவிட்டால் வேறொரு பேட்டரியில், டிவி ரிமோட்டிலிருந்து எடுத்ததில், வைத்துப் பாருங்கள். அதிலும் சுற்றாவிட்டால் மோட்டாரின் தண்டை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிடுங்கள். சுண்டினால் மட்டும் சுற்றினால் என்ன பொருள் என்பதை ‘முனகுகிறது’ பகுதியின் கடைசியில் சொல்கிறேன்.

இணைப்புகளில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு, கம்பியின் மேலுறையைச் சரியாக உரிக்காமல் முறுக்குவது. பிளாஸ்டிக் உறையாவது கண்ணுக்குத் தெரியும். மோட்டார் சுற்றும் கடையில் வாங்கிய செப்புக் கம்பி மோசமான ஏமாற்றுக்காரன். அது பளபளவென்று வெறும் செம்பு போலவே இருக்கும். ஆனால் மேலே எனாமல் பூச்சு உண்டு, அதன் வழியே மின்சாரம் போகாது. முனையை இரண்டு செ.மீ. நீளத்துக்கு உப்புத்தாளில் மடித்துப் பிடித்து இழுங்கள். நிறம் வெளிறி இளஞ்சிவப்பாக மாறினால்தான் பூச்சு போயிருக்கிறது.

இரண்டாவது தவறு, மோட்டார் காதின் துளைக்குள் கம்பியைச் சும்மா நுழைத்து மேலே பசை வைப்பது. சூடான பசை இடுக்கில் புகுந்து கம்பிக்கும் காதுக்கும் நடுவே ஒரு திரையாக உட்கார்ந்துவிடும். முதலில் கம்பியைத் துளையில் நுழைத்து இரண்டு சுற்று இறுக்கி, சுவிட்சைப் போட்டுச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பசை வையுங்கள். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த நான்கைந்து இணைப்புகளையும் அவரிடமே விட்டுவிடுவது உத்தமம். காதில் சூட்டுக்கோலை அதிக நேரம் வைத்தால் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உருகும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். அலுமினியத் தாளைக் கம்பிக்குப் பதிலாக ஒட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: தாளின் மேல் தாள் படியும் இடத்தில் பசை படவே கூடாது. அங்கே வெறுமனே அழுத்தி, மேலே டேப் ஒட்டுங்கள்.

மூன்று கால் உள்ள சிறிய தள்ளு சுவிட்ச் வாங்கியிருந்தால் நடுக் காலிலும் ஏதேனும் ஓர் ஓரக் காலிலும் இணைக்க வேண்டும். இரண்டு ஓரக் கால்களில் இணைத்தால் எந்தப் பக்கம் தள்ளினாலும் சுற்று மூடாது. இதைக் கண்டுபிடிக்கத் திணறிப்போன பெரியவர்களும் உண்டு.

சுவிட்சை அணைத்தால் ஓடுகிறது, போட்டால் நின்று பேட்டரி சுடுகிறது

இந்த அறிகுறியைப் பார்த்ததும் சிரிக்காமல் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்ச் மோட்டாருக்குப் போகும் வழியில் இல்லை. பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பாலம் போல இணைக்கப்பட்டிருக்கிறது. அணைத்திருக்கும்போது மின்சாரம் மோட்டார் வழியே போகிறது. போட்டதும், தடையே இல்லாத சுவிட்ச் வழியே பாய்கிறது. மோட்டாருக்கு எதுவும் மிச்சமில்லை. கம்பி சுடும், பேட்டரி சுடும், சில நிமிடங்களில் பேட்டரி தீர்ந்தும் போகும்.

திருத்துவது எளிது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு விரலை வைத்துக் கம்பி வழியே நகர்த்துங்கள். சுவிட்சுக்குள் நுழைந்து, வெளியே வந்து, மோட்டாரின் ஒரு காதுக்குப் போய், மறு காதிலிருந்து எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். வழியில் எங்காவது விரல் இரண்டு பாதையாகப் பிரிந்தால் அந்த இடத்தில்தான் தவறு.

முனகுகிறது, சுற்றவில்லை

முனகும் மோட்டாரை அப்படியே விட்டுவிடாதீர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார், சும்மா சுற்றும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த மின்சாரம் முழுவதும் சூடாகிச் சுருளையும் உள்ளிருக்கும் மெல்லிய தகடுகளையும் கெடுக்கும். உடனே அணைத்துவிட்டு, ரப்பர் பேண்டைக் கழற்றிப் பின் அச்சை விரலால் சுழற்றுங்கள். நல்ல அச்சு ஒரு தட்டுத் தட்டினால் நாலைந்து சுற்றாவது தானே சுற்றும். அரைச் சுற்றில் நின்றுவிட்டால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்.

எங்கே இறுகுகிறது? பெரும்பாலும் மூன்று இடம். குழாய்த் துண்டை ஒட்டியபோது பசை உள்ளே வழிந்து அச்சையும் சேர்த்துப் பிடித்திருக்கும். சக்கரம் தேரின் பக்கச் சுவரோடு உரசும். அங்கே குழாய்த் துண்டை ஒரு நூல் அளவுக்கு நறுக்கி வாஷர் போல நடுவில் விட்டால் போதும். இல்லையென்றால் இடப்பக்கத் துளையும் வலப்பக்கத் துளையும் ஒரே உயரத்தில் இல்லாமல் அச்சு வளைந்து கிடக்கும். மூங்கில் குச்சியில் சிலும்பு இருந்தாலும் பிடிக்கும். அதை உப்புத்தாளால் வழித்துவிடுங்கள். எண்ணெய் விடும் ஆசை எல்லாருக்கும் வரும். அட்டைக்குப் பக்கத்தில் எண்ணெய் விட்டால் அது அட்டையில் ஊறி ஒட்டியதெல்லாம் பிரியும். பென்சில் கரியைச் சுரண்டி அச்சில் தடவுவது மேல்.

ரப்பர் பேண்டு மிக இறுக்கமாக இருந்தாலும் மோட்டார் முனகும். அது மோட்டாரின் தண்டைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பேண்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். வீணைத் தந்தி போல அதிர்ந்தால் மோட்டாரை அச்சை நோக்கி நகர்த்தி ஒட்டுங்கள்.

பேண்டைக் கழற்றியும் தானே கிளம்பாமல், விரலால் சுண்டினால் மட்டும் சுற்றுகிறதா? இந்தச் சிறு மோட்டார்களுக்குள் மூன்று சுருள்கள் இருக்கின்றன. ஒன்று அறுந்துவிட்டால் தண்டு சில நிலைகளில் நின்றிருக்கும்போது மட்டும் கிளம்பாது. இங்கேதான், இங்கே மட்டும்தான், புது மோட்டார் வாங்கக் காசு எடுக்கலாம்.

காற்றில் சுற்றுகிறது, தரையில் நகரவில்லை

செட்டிநாட்டு வீடுகளில் இது தனிக் கதை. இந்தக் கோளாற்றுக்கு முகம் மூன்று, பார்வைக்கு மூன்றும் ஒன்று போல இருக்கும். அதனால் தரையில் வைத்து, கன்னம் தரையில் படும்படி படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் பாருங்கள். மோட்டாரும் சக்கரமும் சேர்ந்தே நின்றுவிட்டால் சுமை அதிகம். மோட்டார் சுற்ற, சக்கரம் நின்றால் ரப்பர் பேண்டு வழுக்குகிறது, அல்லது அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பசை விட்டுப்போயிருக்கிறது. சக்கரமே சுற்ற, தேர் மட்டும் நின்றால் தரை வழுக்குகிறது.

மூன்றாவதை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் தேரை ஓட்டிப் பார்க்கும் இடம் பெரும்பாலும் வளவு அல்லது முகப்பு. அங்கே பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல். அது சூளையில் சுட்டெடுப்பதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துவது. கண்ணாடியில் கிடந்த முகம்தான் நாம் நடக்கும் முகம். அதனால்தான் அந்த மழமழப்பு. துடைத்துத் துடைத்துப் பழகிய தரையானால் இன்னும் வழவழப்பு. பாட்டில் மூடியையோ டேப் ஒட்டிய அட்டை வட்டத்தையோ சக்கரமாக வைத்த தேர் அதில் என்ன செய்யும்? நின்ற இடத்திலேயே சக்கரம் மட்டும் சுற்றும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இதே காட்சி. எட்டாம் வகுப்புப் பெண் இரண்டு முறை பேட்டரி மாற்றிவிட்டாள். சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது, தேர் கொஞ்சம் நடுங்குகிறது, அவ்வளவுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, "அதை வாசல் சிமெண்டில் வைத்துப் பார் ஆத்தா, உள்ளே நமக்கே கால் வழுக்குகிறது" என்றார். வாசலில் வைத்ததும் தேர் படிவரை போய் முட்டியது. ஆயாவுக்கு மின்சுற்று தெரியாது, தரையைத் தெரியும்.

கண்காட்சி மேசையும் வழவழப்பாகத்தான் இருக்கும் என்பதால் வாசலுக்குத் தூக்கிப் போவது தீர்வாகாது. பழைய சைக்கிள் டியூபைப் பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். குறுக்கே அரை அங்குல அகலத்துக்கு வளையங்களாக வெட்டிப் பின் சக்கரங்கள் இரண்டிலும் இழுத்து மாட்டுங்கள். டியூப் வளையம் சக்கரத்தைவிடச் சிறியதாக இருந்தால்தான் நன்றாகக் கவ்வும். டியூபின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பவுடரை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதை விட்டால் ரப்பரும் வழுக்கும். டியூப் கிடைக்காவிட்டால் அகலமான ரப்பர் பேண்டுகளை இரண்டிரண்டாகப் போடலாம்.

அடுத்து எடை. மோட்டார் சுழற்றுவது பின் அச்சை. எடை முழுவதும் முன்னால் இருந்தால் பின் சக்கரம் தரையை அழுத்தாது, பிடிமானம் கிடைக்காது. பேட்டரிப் பெட்டியைத் தேரின் நடுவில் அழகாக ஒளித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நேராகப் பின் அச்சின் மேல் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு பேட்டரியும் பெட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 50 கிராம் வரும். அட்டைத் தேருக்கு அது கணிசமான பாரம்.

இனி ரப்பர் பேண்டு வழுக்கும் முகம். மோட்டாரின் தண்டு 2 மி.மீ. மட்டுமே; அதுவும் மெருகேற்றிய எஃகு. அதில் ரப்பர் எப்படிப் பிடிக்கும்? சைக்கிள் வால் டியூபில், அதாவது வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயில், ஒரு செ.மீ. வெட்டித் தண்டில் ஏற்றிவிடுங்கள். ரப்பரோடு ரப்பர் கவ்விக்கொள்ளும். பேண்டு அட்டைக் கப்பியின் ஓரமாக நழுவி விழுந்தால், கப்பியின் இரு பக்கமும் சற்றுப் பெரிய வட்டம் ஒட்டிக் கரை கட்டுங்கள். மோட்டாரின் தண்டும் பின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் எத்தனை கரை கட்டினாலும் பேண்டு ஒரு பக்கமாக ஏறி விழும்.

சுமை அதிகம் என்பது கடைசி முகம். மேலே ஐந்து நிலை, கலசம், குதிரைகள் நான்கு, உள்ளே களிமண் சிலை என்று ஏற்றிக்கொண்டே போனால் 3 வோல்ட் மோட்டார் என்ன செய்யும்? குதிரைகளை மெல்லிய தாளில் செய்யுங்கள், களிமண்ணை எடுங்கள். அதுவும் மனம் வராவிட்டால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

தேர் தேராக ஓடாமல் காராகப் பாய்கிறது

நகர்ந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இதை யாரும் கோளாறாகவே எண்ணுவதில்லை. எனக்கு இது கோளாறுதான். பொம்மை மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும். வால் டியூப் ஏற்றிய தண்டு 4 மி.மீ., கப்பி 40 மி.மீ. என்றால் வேகம் பத்தில் ஒன்றாகக் குறையும். வலு ஏறத்தாழப் பத்து மடங்கு கூடும். மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் சக்கரம் 600. 6 செ.மீ. சக்கரம் ஒரு சுற்றில் 19 செ.மீ. நகரும், ஆக, ஒரு விநாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேசையிலிருந்து கீழே விழ அது போதும். பிள்ளையார்பட்டித் தேர் அப்படியா போகிறது?

கப்பியைப் பெரிதாக்கலாம், அல்லது நடுவில் இன்னோர் அச்சு வைத்து இரண்டாவது கப்பி ஜோடி சேர்க்கலாம். பத்தில் ஒன்று, அதிலும் பத்தில் ஒன்று என்று நூறில் ஒன்றாகும். ஆனால் இரண்டு ரப்பர் பேண்டை நேராக ஓடவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மின்னணுப் பொருள் விற்கும் கடையில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பல்சக்கரங்களோடு வரும் பிஓ மோட்டார் கிடைக்கும். அதில் 48-க்கு 1 என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைத்த வகை பரவலாகக் கிடைக்கிறது. 3 வோல்ட்டில் நிமிடத்துக்கு நூறு சுற்றை ஒட்டி ஓடும், சக்கரத்தை நேராகத் தண்டிலேயே மாட்டிக்கொள்ளலாம், ரப்பர் பேண்டே வேண்டாம். கனமான தேருக்கும் இதுவே சரி. ரப்பர் பேண்டுத் தேரில் பிள்ளை கற்றுக்கொள்வது அதிகம் என்பதால், முதல் தேரை ரப்பர் பேண்டில் செய்து இரண்டாவதை இதில் செய்யச் சொல்வேன்.

கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது

நின்றதும் பேட்டரியைத் தொடுங்கள். சுடுகிறதென்றால் எங்கோ இரண்டு கம்பிகள் உரசுகின்றன; ஓட்டத்தின் அதிர்வில் தொட்டுக்கொள்கின்றன. முறுக்கிய ஒவ்வோர் இணைப்பிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

சுடவில்லை, தட்டினால் மீண்டும் ஓடுகிறது என்றால் ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல ஆட்டுங்கள். எதை ஆட்டும்போது மோட்டார் தடுமாறுகிறதோ அதுவே.

தட்டியும் ஓடவில்லை, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மீண்டும் சிறிது தூரம் ஓடுகிறது என்றால்தான் பேட்டரி. வீட்டுக் கடிகாரத்திலிருந்து எடுத்ததா? கடிகாரத்துக்குத் தேவை மிகச் சிறிய மின்னோட்டம். அதில் நன்றாக ஓடும் பேட்டரி மோட்டாரைத் தாங்காது. மல்டிமீட்டர் இருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். சும்மா இருக்கையில் 1.4 வோல்ட் காட்டும் பேட்டரி சுமை ஏறியதும் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது தீர்ந்த கணக்கு. அதைத் தூக்கி எறியாமல் கடிகாரத்துக்கே கொடுங்கள், இன்னும் பல நாள் ஓடும்.

ஒன்பது வோல்ட் சதுரப் பேட்டரியைப் போட்டால் வேகமாக ஓடும் என்று யாரோ சொல்லி எல்லாப் பிள்ளைகளும் நம்புகிறார்கள். ஓடும், சற்று நேரம். அது சிறு மின்னோட்டம் எடுக்கும் கருவிகளுக்கானது; உள்தடை அதிகம், கொள்ளளவு குறைவு, விலையோ கூடுதல். மோட்டார் சூடாகும், பேட்டரி சட்டென்று தீரும். நாள் முழுவதும் நடக்கும் கண்காட்சிக்குத் திரும்ப மின்னேற்றும் நிக்கல் பென்சில் பேட்டரி இரண்டே ஏற்றது. 1.2 வோல்ட்தான் என்றாலும் சுமையில் துவளாது.

பழைய கைபேசி பேட்டரி, சுவரில் மாட்டும் அடாப்டர் இரண்டும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரியில் கம்பி தவறிப்போய்க் குறுக்கே பட்டால் தீப்பிடிக்கும். கையில் இருப்பது காய்ந்த அட்டை.

பின்னால் போகிறது

மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். கம்பியைப் பற்றவைத்துவிட்டீர்கள், பிரிக்க மனமில்லை என்றால் ரப்பர் பேண்டை எட்டு என்ற எண்ணின் வடிவில் குறுக்கே திருப்பிப் போடுங்கள். சுழற்சித் திசை மாறிவிடும். ஆனால் உரசி உரசிப் பேண்டு சீக்கிரம் தேயும்.

ஒரு பக்கமாக இழுக்கிறது, தள்ளாடுகிறது

பெரிய தேர் ஒரு பக்கம் இழுத்தால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்ப ஆள் இருக்கிறார்கள். இங்கே அளவுகோல்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து பாருங்கள். 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே தேர் சுவரைப் பார்த்துப் போகும். ஒரு பக்கக் குழாய்த் துண்டைப் பிரித்து நகர்த்தி ஒட்டினால் சரியாகும். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் டியூப் வளையம் மாட்டியிருந்தாலும் இழுக்கும்.

தள்ளாட்டத்துக்குக் காரணம் சக்கரத்தின் துளை நடுவில் இல்லாமை. வட்டத்தைத் தட்டு வைத்து வரைந்துவிட்டு மையத்தைக் கண்ணால் குறித்தால் இப்படித்தான். கவராயம் வைத்து வரையுங்கள். அதன் முள் குத்திய இடமே துளை. ஏற்கெனவே வெட்டிய வட்டமென்றால் அதைத் தாளில் வைத்து வரைந்து, அந்தத் தாள் வட்டத்தை இரண்டு முறை நான்காக மடித்தால் மடிப்புகள் வெட்டும் இடம் மையம்.

விளக்கு போட்டதும் மோட்டார் நின்றுவிட்டது

எல்இடி விளக்கை மோட்டாரோடு வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்திருக்கிறீர்கள். விளக்கு தன் பங்கு வோல்ட்டை எடுத்துக்கொண்டு மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டுமே விடும். விளக்கு எரியும், மோட்டார் அசையாது. விளக்கைத் தனிக் கிளையாக, பேட்டரியின் இரு முனைகளிலிருந்தே கொண்டுபோங்கள். சிவப்பு எல்இடிக்கு இரண்டு வோல்ட் அளவே தேவை. 3 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் சீக்கிரம் கெடும். 68 அல்லது 100 ஓம் மின்தடை ஒன்றை அதனோடு சேருங்கள். எல்இடி எரியவே இல்லையென்றால் திருப்பிப் போடுங்கள். நீளமான கால் நேர்முனைக்குப் போக வேண்டும்.

கிளையாக இணைத்த பிறகும் மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்கினால் அது பேட்டரி திணறுவதன் அடையாளம். விளக்குகளுக்கென்று தனியாக இரண்டு பேட்டரி வைத்துவிடுவதுதான் என் வழக்கம்.

நேற்று ஓடியது, இன்று தேர் உட்கார்ந்துவிட்டது

ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரத்தை இழுத்துத் தொய்யும். அடித்தட்டு நடுவில் குழிந்தால் இரண்டு அச்சும் உள்பக்கம் சாய்ந்து சக்கரம் பக்கச் சுவரில் உரசும். அறிகுறியோ முனகலாகத் தெரியும். நெளி அட்டையை வெட்டும்போதே அதன் உள் நெளிவுகள் ஓடும் திசையைப் பாருங்கள். தூண்களிலும் சுவர்களிலும் நெளிவு மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். அடித்தட்டுக்கு இரண்டு அட்டைகளை, ஒன்றின் நெளிவு நீளவாக்கிலும் மற்றதன் நெளிவு அகலவாக்கிலும் இருக்கும்படி ஒட்டினால் எளிதில் வளையாது. நனைந்த அட்டையை வெயிலில் காயவைத்தால் முறுக்கிக்கொள்ளும். பெரிய புத்தகங்களை மேலே அடுக்கி நிழலில் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் தேரை விட்டுவைத்தால் சூடான பசையால் ஒட்டியதெல்லாம் இளகும். அதற்கு மருந்து மறுபடி ஒட்டுவதுதான்.

கண்காட்சி முடிந்து பரண்மேல் ஏற்றும் முன் பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். ரப்பர் பேண்டையும் கழற்றி வையுங்கள். இழுத்தபடியே மாதக்கணக்கில் கிடந்தால் வெடித்துப்போகும், அதோடு அச்சையும் வளைத்திருக்கும்.